சனிக்கிழமைச் சாவி

மெய்யப்பன் செட்டியாருக்குப் பூட்டு என்றால் உயிர். மலேசியாவில், சிரம்பானை அடுத்த ராசாவில் இருந்த அவருடைய அச்சகத்தில் காகித அறைக்கு ஒரு பூட்டு, மை டப்பா அலமாரிக்கு ஒரு பூட்டு, தொலைபேசியின் எண் வட்டுக்கு ஒரு குட்டிப் பூட்டு. கழிவறைக்குக்கூடப் பூட்டுதான், அவசரம் என்று வருகிறவர்கள் அவரிடம் சாவி வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். இப்படிப்பட்ட மனிதரிடம் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒருவன் வந்து, தமிழில் எழுத்துக் கோக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை விற்றான். விலையைக் கேட்டு முகம் சுளித்த செட்டியார், அதற்கும் ஒரு பூட்டு உண்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி. பார்த்தால் சாவி மாதிரியே இருக்காது. தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டை. ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை ஊசிகள். அதைக் கம்ப்யூட்டரின் முதுகில், பிரிண்டர் கம்பி போகிற இடத்தில் சொருக வேண்டும். புரோகிராம் இருக்கும் டிஸ்கெட்டை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. ஆனால் அந்தக் கட்டை சொருகியிருக்கும் மெஷினில் மட்டும்தான் புரோகிராம் திறக்கும். அதில் எழுதி வைத்தவையும் அங்கே மட்டும்தான் படிக்கக் கிடைக்கும்.

"நம்மளாட்டமே ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சிருக்கான் பாரு!" என்று செட்டியார் மகிழ்ந்துபோனார்.

அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் அகதா. ரெட்டைப்பாலம் ரப்பர்த் தோட்டத்துப் பெண். தாய் தகப்பன் இருவரும் பால் மரம் சீவியவர்கள். இவளுக்கு விவரம் தெரிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வளர்த்தது அண்ணன் மைக்கல்ராஜ். தோட்டத்துப் பால் லோரி ஓட்டிய சம்பளத்தில் அவளைச் சிரம்பானுக்கு டைப்பிங் வகுப்புக்கு அனுப்பினார், நகை போட்டு டொனால்டுக்குக் கட்டிக்கொடுத்தார். தான் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "படிக்கிறதுக்கே நேரம் பத்தல, இதுல பொண்டாட்டிக்கு எங்க போறது?" என்பார்.

படிப்பு என்றால் பெரிய படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். துப்பறியும் நாவல். மெய்யப்பன் அச்சகம் மாதம் ஒன்று போட்டது. கொலை, காணாமல்போன வைரம், கடைசிப் பக்கத்தில் கைது. லோரி சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒன்று கிடக்கும். பாலை இறக்குவதற்கு வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங்மேல் விரித்துவைத்துப் படிப்பார். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்தால்கூட அந்தப் பத்தியை முடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டார்.

அந்த மனிதருக்குத்தான் இனிப்பு நீர் வியாதி வந்து, ரத்தத்தில் ஏறிய சர்க்கரை கண்ணைத் தின்றது. வலது கண் போயே போய்விட்டது. இடது கண்ணில் ஓர் ஓரம் மட்டும் மிஞ்சியது. லோரிச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்த மைக்கல்ராஜ் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், சொல்லாவிட்டால் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் கடைக்கு ஆள் அனுப்பி நாவலை வாங்குவது மட்டும் நிற்கவில்லை. வாங்கி, முகர்ந்து பார்த்து, தலைமாட்டில் வைத்துக்கொள்வார். டொனால்டு வாசித்துக்காட்டிப் பார்த்தான். அவன் தமிழ் வாசிப்பது சேற்றில் வண்டி இறங்கிய மாதிரி. அகதா வாசிக்கிறேன் என்றாள்.

"நீ வேணாம். டைப் அடிச்சவளே நீதான். கொலகாரன் பேரு வர்றப்பல்லாம் ஒன் கொரலு மாறிப்போவும். கதைய நானே படிக்கணும் லா."

பிறகு ஒரு நாள் சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில், "இனிமே நான் இருந்து என்னா ஆவப்போவுது" என்றார். அன்றிலிருந்து அகதாவுக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் அண்ணன் ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அச்சகத்தில் உட்கார வைத்தாள். செட்டியார் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். திரையில் அந்த மாத நாவல் திறந்திருந்தது. அகதாவுக்கு என்ன தோன்றியதோ, எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஒரு வரி நான்கு சொற்களோடு திரையை அடைத்துக்கொண்டு நின்றது. மைக்கல்ராஜ் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணில் மிஞ்சியிருந்த அந்த ஓரத்தால் பார்த்தார்.

"'கதவு... உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.'" நிறுத்தினார். "அடுத்த வரி எங்க?"

அகதா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு அழுதாள். அழுதபடியே அடுத்த வரியைக் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு டொனால்டு சும்மா இருப்பானா? அவன் சுங்கை காடுட்டில் ஃபேக்டரி வேலை. அங்கே ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான். அகதா அச்சகத்து டிஸ்கெட்டுகளைப் பிரதி எடுத்து வந்தாள். வீடே கூடி நிற்க, டொனால்டு பொத்தானை அமுக்கினான். 'சாவி இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. சரி, நாவலையாவது வேறு வழியில் திறப்போம் என்று பார்த்தால், திரை முழுக்கக் கொக்கியும் கோடும் கேள்விக்குறியும். தமிழ் என்று சொல்ல அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

"நான் ஒடைச்சிர்றேன் மச்சான். இதெல்லாம் ஒண்ணுமில்ல லா" என்று டொனால்டு வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. உடைந்தது டிஸ்கெட்டின் மூடி மட்டும்தான்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல" என்றார் மைக்கல்ராஜ். "புக்க நான் காசு குடுத்து வாங்கியிருக்கேன். இதா, தலைமாட்டுல கெடக்கு. அதே கதைய என் வீட்டுல, என் கண்ணுக்குத் தெரியற மாதிரி படிக்கறதுக்கு, செட்டியார் வீட்டுச் சாவி எதுக்கு?"

அகதா செட்டியாரிடம் சுற்றிவளைத்துக் கேட்டுப்பார்த்தாள், சாவியை ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு மெஷினில் போட்டால் ஏதாவது ஆகுமா என்று. "அந்தச் சாவி வாசப்படி தாண்டாது ஆத்தா" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த சனிக்கிழமை மதியம், கடை சாத்துகிற நேரத்தில், அகதா மேசைக்கு அடியில் கையை விட்டு, சாவியைப் பிடுங்கி, ஜெபமாலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை செட்டியார் வருவதற்கு முன்னால், தன்னிடம் இருந்த கடைச் சாவியால் திறந்து, திரும்பச் சொருகிவிட்டாள். ஜெபமாலையோடு இருந்தால் பாவம் கொஞ்சம் குறையும் என்று கணக்குப்போட்டாளோ என்னவோ. அது அப்படியே வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மைக்கல்ராஜ் முகம் மழித்து, சட்டை மாற்றி நிற்பார். ஞாயிறு முழுக்கப் படிப்பார். தலைமாட்டில் குவிந்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் தீர்த்தார். திங்கட்கிழமை தோட்டத்து வீடுகளுக்குப் போய்க் கதை சொல்வார், முடிவை மட்டும் சொல்ல மாட்டார். சுவரைப் பார்த்து உட்கார அவருக்கு நேரமே இல்லை.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆயுத பூசை வந்தது. தீபாவளிச் சிறப்பு நாவல் கம்ப்யூட்டரில் முக்கால்வாசி முடிந்து, அச்சுக்குப் போகக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செட்டியார் கடையைக் கழுவிவிட்டு, எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைத்தார். தாள் வெட்டும் மெஷின், கத்தரிக்கோல், பசை வாளி, கீபோர்டு. சாவிக் கட்டையையும் கழற்றித் தரச் சொல்லி, ஒரு வெற்றிலைமேல் வைத்தார். சந்தனமும் குங்குமமும் அவர் கையால்தான் வைப்பார், மற்றவரை விட மாட்டார். தொலைபேசிக்கு வைத்த சந்தனம் மேசைமேல் விழுந்தது. அகதா துணியால் துடைத்துவிட்டாள். வேதக்காரி என்றாலும் வருடாவருடம் நின்று சுண்டல் வாங்கிக்கொண்டுதான் போவாள்.

பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை செய்யாமல் எடுக்கக் கூடாது. சனிக்கிழமை காலை செட்டியார் கற்பூரம் காட்டிவிட்டு, "இன்னைக்கு மெஷின் ஓட்ட வேண்டாம். திங்கக்கெழமை தீபாவளி நாவல முடிச்சிரணும் ஆத்தா" என்று சொல்லிப்போனார். அகதா வெற்றிலையிலிருந்து சாவியை எடுத்து, பார்க்கக்கூட நிற்காமல், பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டில், வழக்கம்போல மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிச் சொருகினாள். 'சாவி இல்லை' என்றது திரை. எடுத்துச் சொருகினாள். அதே வரி.

"என்னங்க, இத நீங்க தொறந்து கிறந்து பாத்தீங்களா?" என்று டொனால்டைக் கேட்டாள்.

"மாதாமேல சத்தியமா இல்ல! குடு, ஸ்க்ரூவ கழட்டிப் பாக்கறேன்."

"தொடாதீங்க!" என்று பிடுங்கி மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். போன வாரம் போகும்போது நன்றாக இருந்தது, இந்த வாரம் வந்தபோது செத்துவிட்டது. வீட்டுக்கும் கடைக்கும் இழுத்தடித்ததால் கெட்டுப்போய்விட்டது, தானே கெடுத்துவிட்டோம் என்றுதான் அவளுக்குப் புரிந்தது. யாரிடம் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல இருந்தது அவள் நிலைமை. வேலை போகும். தீபாவளி நாவல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணன் மறுபடி சுவருக்குத் திரும்புவார்.

மைக்கல்ராஜ் திரையைத் துணியால் மூடினார். "பரவால்ல லா. பழசயே நெனச்சிப் பாத்துக்கறேன்" என்று எழுந்து போனார். அந்தப் 'பரவாயில்லை'தான் அவளை அதிகமாக அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசையில் அந்தோணியாரிடம் முறையிட்டாள். காணாமல்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் கெட்டுப்போனதையும் பார்ப்பாரா என்ற சந்தேகம் இருந்தாலும், மெழுகுவத்தி ஏற்றத் தவறவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்ச் சொருகிப்பார்த்தாள். அச்சகத்து மெஷினும் கையை விரித்துவிட்டது. செட்டியார் வந்தார், செருப்பைக் கழற்றினார், சாமி படத்துக்குக் கும்பிடு போட்டார்.

"நாவல எடு ஆத்தா. மிச்சத்தப் படி, கேட்டுருவோம்."

பிழை திருத்த அவர் எப்போதும் தாளைத் தொட மாட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு அகதாவை உரக்க வாசிக்கச் சொல்வார். "கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது" என்பார். முதலாளிகளின் கிறுக்குகளில் இதுவும் ஒன்று என்று அவள் விட்டிருந்தாள்.

"மொதலாளி" என்று சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள் அகதா. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இத சனிக்கெழமைல வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். இப்ப கெட்டுப்போச்சு."

பிறகு நிறுத்த முடியவில்லை. அண்ணன், லோரி, கண், பெரிய எழுத்து, சுவர், எல்லாம் கொட்டித் தீர்த்தாள். செட்டியாரின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"வாசப்படி தாண்டாதுன்னு சொன்னேனா இல்லியா? கடையில இருக்கற அத்தனை பூட்டையும் காபந்து பண்ணி, சாவிய ஒன் கையில குடுத்து வச்சேனே! வேலியே பயிர மேஞ்ச கதையால்ல இருக்கு!"

அகதா தலையைக் குனிந்தாள். குனிந்த பார்வை கையில் விழுந்தது. வாசல் வெளிச்சம் கட்டைமேல் நேராக அடித்தது. முதுகுப் பக்கம் சுத்தமாக, ஒரு பொட்டும் இல்லாமல் இருந்தது. திருப்பினாள். ஊசி இரண்டு வரிசைக்கும் நடுவில் கெட்டியாக, காய்ந்துபோன மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. அதன் நடுவில் சிவப்பு.

"மொதலாளி... இது சந்தனம்."

"எது?"

"ஊசிக்குள்ள. சந்தனமும் குங்குமமும். பூசைல வச்சது."

"நான் முதுகுலதானே வச்சேன்!" செட்டியார் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். எட்ட வைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "எங்க இருக்கு? ஒண்ணும் காணமே?"

அந்தச் சாய்ப்பு அகதாவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் வீட்டில் பார்ப்பதுதான். தொலைபேசிக்கு வைத்த சந்தனம் மேசையில் விழுந்தது ஞாபகம் வந்தது. கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது என்ற பேச்சும் ஞாபகம் வந்தது. அவர் கோபத்துக்கும் அவள் பயப்படவில்லை, ஒன்றுக்கும் பயப்படவில்லை. அந்த நிமிடம் பாவமாக மட்டும்தான் இருந்தது.

"எத்தன நாளா மொதலாளி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

செட்டியார் விரலால் ஊசிகளைத் தடவினார். காய்ந்த சந்தனம் நகத்தில் பொடிந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெளிய சொல்லிராத ஆத்தா" என்றார். "கண்ணு தெரியாதவன் அச்சாபீஸ் நடத்துறான்னு தெரிஞ்சா, ராசாவுல எவன் கல்யாணக் கார்டு குடுப்பான்? வீட்டுல ஆச்சிக்கே தெரியாது."

எல்லாவற்றையும் பூட்டுகிற மனிதர் இதையும் பூட்டித்தான் வைத்திருந்தார். அகதா வேறு ஒன்றும் கேட்காமல், ஈய எழுத்துக் காலத்துப் பழைய பிரஷ்ஷையும் ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்துவந்து, வாசல்படியில் உட்கார்ந்து ஊசி ஊசியாகத் துடைத்தாள். விசிறிக்கு முன்னால் காயவைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொருகினாள்.

திறந்தது. "அந்தோணியாரே!" என்று அவள் கத்திய கத்தலில் செட்டியாரும் பதறி, "முருகா!" என்றார்.

தீபாவளி நாவல் திரையில் நின்றது. அகதா எழுத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நாற்காலியைச் செட்டியாருக்கு இழுத்துப் போட்டாள். அவர் தலையைச் சாய்த்துத் திரையருகே குனிந்தார். பிறகு உதடு அசைந்தது. ஒரு வரி, இன்னொரு வரி. தான் மாதாமாதம் போடுகிற நாவலை அவர் தன் கண்ணால் படித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"ஆத்தா" என்றார், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். "இந்தக் கணக்குப்பிள்ளைதானே கொன்னது?"

"சொல்ல மாட்டேன் மொதலாளி."

அவர் சிரித்தார். அகதாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் கடையைச் சாத்தும்போதுதான் தீர்ப்பு வந்தது. "ஒரு சாவி, ஒரு மெஷின். அதானே அவன் வச்ச சட்டம்? ஞாயித்துக்கெழமை இங்க மெஷின் சும்மாதானே கெடக்குது. அப்ப அது ஒங்கண்ணன் மெஷின்ல இருந்தா பூட்டுக்கு என்ன கொறைச்சல்? சனிக்கெழமை எடுத்துக்கிட்டுப் போ. ஜெபமாலைப் பையெல்லாம் வேணாம், கையில புடிச்சிக்கிட்டே போ. ஒங்கண்ணன் காசு குடுத்து வாங்கின கதை, படிக்கட்டும்."

"எடுத்துட்டுப் போறேன், நீங்க கண்ணக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வர்றதா இருந்தா" என்றாள் அகதா.

அவளுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. செட்டியார் முறைத்தார். ஆனால் அந்த வாரமே போனார். கண்ணில் புரை, அவ்வளவுதான், எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அவர் மனைவி கண்ணம்மை ஆச்சி விஷயம் தெரிந்ததும், இத்தனை நாள் மறைத்ததற்காக அவரைப் பிடித்து வாங்கிய வாங்கு ராசா முழுக்கக் கேட்டது. கல்யாணக் கார்டு ஒன்றுகூடக் குறையவில்லை. மைக்கல்ராஜின் கண் அப்படித் திரும்பி வரக்கூடியது இல்லை. ஆனாலும் மிஞ்சிய ஓரம் மிஞ்சியபடியே இருந்தது, அதற்கு வேலையும் இருந்தது.

மறு வருடம் ஆயுத பூசை. செட்டியார் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கருவிக்கும் நின்று நிதானமாகப் பொட்டு வைத்தார். மறுபூசை முடிந்ததும் சாவியை அவரே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அகதாவின் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மைக்கல்ராஜ் கையை நீட்டினார். வீடு வரைக்கும் அவர்தான் வைத்துக்கொள்வார். அது அவர் சம்பாதித்த உரிமை. நடந்துகொண்டே கட்டையின் முதுகைப் பெருவிரலால் தடவினார். நட்டநடுவில், ஒரு பக்கமும் பிசகாமல், காய்ந்த சந்தனப் பொட்டு ஒன்று தட்டுப்பட்டது.

"செட்டியாருக்குக் கண்ணு நல்லாயிருச்சி லா" என்றார். "வா வா, சீக்கிரம் நட. இந்த மாசம் பொணம் கெணத்துக்குள்ள கெடக்குது."